இரண்டு இடத்தில் நின்ற அக்கா

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பயந்துவிடுவார். ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ இதை வாசித்து, அலமாரியைத் திறந்து, தன் பெயரைத் தேடிச் சிவப்பு மையால் வட்டம் போடுவார் என்று நினைத்து இரண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டார். ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எசன் நகரத்தில் நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தட்டில் அவர் தனியாக இருந்தார். மேல்தட்டில் நானும் என் கணவரும் இருந்தோம்.

பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த எங்களில் பயப்படாதவர் யார்? விசாவுக்குப் பயம், தபால்காரருக்குப் பயம், மொட்டைத் தலையும் கனத்த சப்பாத்துமாக வருகிற பையன்களுக்குப் பயம். ஆனால் மற்றவர்கள் பயம் வந்தபோதுதான் பயந்தார்கள். அக்கா அது வருவதற்கு முன்பே பயந்து, அதற்கு வேண்டிய ஆயத்தங்களை எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க உட்காருவார். வெளிநாட்டவர் இருந்த வீடுகளுக்கு அங்கங்கே தீ வைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் செய்தி வந்துகொண்டிருந்த நாட்களில், அவருடைய கதவோரம் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் இருக்கும். வாளிக்குள், புகை வந்தால் மூக்கைப் பொத்த, ஒரு துவாய். தண்ணீரை நாள் தவறாமல் மாற்றுவார்.

"ஏனக்கா, பழைய தண்ணிக்கு நெருப்பு அணையாதோ?" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னை விடு. நான் கீழ இருக்கிறன், சன்னலால குதிப்பன். நீங்கள் என்ன செய்வியள்?" என்றார். அடுத்த நாளே ஒரு தடித்த கயிற்றோடு மேலே வந்து, எங்கள் வீட்டுச் சூடாக்கிக் குழாயில் அதைக் கட்டி, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் அந்தக் கயிற்றில் தன் லுங்கிச் சாரத்தைக் காயப்போடுவார். அக்கா வருகிற சத்தம் கேட்டால் அவசரமாக எடுத்துவிடுவார்.

தெருவில் போகும்போது அக்கா ஒருவரையும் நேருக்கு நேர் பார்க்கமாட்டார். ஆனால் ஒருவரையும் பார்க்காமலும் விடமாட்டார். டிராமில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, உதடு அசையாமல் சொல்லுவார்: "உந்தப் பச்சை ஜாக்கெட் போட்டவன் போன கிழமை சந்தையில நிண்டவன். அப்ப மீசை வைச்சிருந்தவன்." நான் திரும்பிப் பார்த்தால் தொடையில் கிள்ளுவார். எனக்கோ அந்த ஊர்ப் பையன்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரித்தான் தெரிந்தார்கள்.

அவர் வேலை செய்தது ஒரு பெரிய சலவை ஆலையில். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து வெளுத்துப் போகும். அழுக்குத் துணி வருகிற பக்கம் ஒன்று, சுத்தமான துணி வெளியே போகிற பக்கம் ஒன்று, நடுவில் சுவர். அக்காவுக்குச் சுத்தப் பக்கத்தில் வேலை. ஈர விரிப்பின் ஒரு முனையை அவரும் மறு முனையை ஒரு துருக்கிப் பெண்ணும் பிடித்து, இழுத்து, சூடான பெரிய உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளை ஒருவருக்காகவும் நிற்காது. மூக்குக் கடித்தாலும் அடுத்த விரிப்பு வருவதற்குள் சொறிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த வேலையில்தான் அவருடைய மகள் தொங்கிக்கொண்டிருந்தாள். கணவர் யாழ்ப்பாணத்தில் ஒருநாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர், சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்பதோடு சரி, திரும்பி வரவில்லை. மகளைக் கொழும்பில் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா இங்கே வந்து சேர்ந்தார். அவருக்கு விசா கிடைத்துவிட்டது. ஆனால் பிள்ளையைக் கூப்பிட வேண்டுமானால் வீடும், ஒரே இடத்தில் விடாமல் செய்கிற வேலையும் காட்ட வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருடைய கோப்பைப் பார்க்கிறவர் சொல்லியிருந்தார். விடாமல் என்ற அந்தச் சொல்லை அக்கா மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

ஒருமுறை கடும் காய்ச்சல். உருளைக்கு முன்னால் அவர் தள்ளாடுவதைக் கண்டு, மேற்பார்வை செய்கிற பெண் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஷெஃபின் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள், தலைவி என்று பொருள். அக்கா நன்றி சொல்லிவிட்டு, உடை மாற்றுகிற அறையில் போய், வேலை முடிகிற மணி அடிக்கும்வரை வாங்குப் பலகையில் சுருண்டு கிடந்துவிட்டு வந்தார்.

"ஷெஃபினே போகச் சொன்னவா. பேந்தென்னக்கா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"சொன்னவாதான். நாளைக்குச் சொன்னதை மறந்துபோனா ஆலை வாசல்ல நிக்கிற காவல்காரனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

ரசம் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குப் போக முடியாத நாளில் லீவு கேட்கமாட்டார்கள். தங்கள் இடத்துக்கு வேறோர் ஆள் விடுவார்கள். உணவகச் சமையலறைகளில், துப்புரவு வேலையில், அந்தச் சலவை ஆலையில், எங்கும் இது நடந்தது. நீல மேலங்கி, முடியை முழுக்க மூடிய வெள்ளைத் தொப்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுத்த முகம் இருந்தால் போதும், அது யாருடைய முகம் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. எனக்கு அகதி வழக்கு முடியாததால் வேலை அனுமதி இல்லை. அதனால் பலருக்காக நான் போய் நின்றிருக்கிறேன். ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு, இன்னொருத்தியின் தங்கைக்குக் கலியாணம். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஜெர்மனில் "யா", அதாவது ஓம், என்று திரும்பப் பழகியிருந்தேன். அக்கா மட்டும் ஒருநாளும் ஆள் விட்டதில்லை. பிடிபட்டால் ஒரே நாளில் இரண்டு பேருக்கு ஆபத்து என்பது அவருடைய கணக்கு.

பிறகுதான் அந்த டிராம் தரிப்பிடத்துச் சம்பவம் நடந்தது. இலையுதிர்காலப் பின்னேரம், வேலை முடிந்து நின்றிருக்கிறார். இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் பையை இழுத்தான். அக்கா விட்டுவிட்டார், எதிர்க்கவே இல்லை. விட்ட பிறகும் மற்றவன் போத்தலால் தலையில் அடித்தான். பைக்குள் அரைவாசிப் பாண் ரொட்டியும் மகளின் படங்களும் இருந்தன. நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர் அதைக் கண்டு பொலிசைக் கூப்பிட ஓடப் பார்த்தார். இரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அக்கா அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பொலிஸ் வேண்டாம், பொலிஸ் வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார்.

பொலிஸ் வந்தது. தையல் போட்டார்கள். பிறகு ஒருநாள் நிலையத்துக்குக் கூப்பிட்டு நிறையப் படங்களைப் பரப்பி வைத்து, இதில் அடித்தவன் இருக்கிறானா என்று கேட்டார்கள். அக்கா ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இவ்வளவு பயப்பிடுற நீங்கள் ஏனக்கா காட்டினியள்? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே."

"தெரியாது எண்டு பொய் சொன்னா, பொய் எண்டு கண்டுபிடிப்பினம் எண்டு பயந்து காட்டிப்போட்டன்" என்றார்.

அடி விழுந்த அடுத்த நாளே வேலைக்குப் போனவர் அவர். தொப்பி தையலை மறைத்துவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்றார்.

குளிர்காலம் முடிகிற நேரம் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. அதைக் கையால் தொடவும் பயந்து, விளம்பரத் தாள் ஒன்றுக்குள் வைத்து மேலே கொண்டுவந்தார். சாட்சி சொல்ல வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நாளைப் பார்த்தேன், வேலை நாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனை நம்பாமல், தேவாலயத்தில் வெளிநாட்டவருக்கு ஆலோசனை சொல்லுகிற ஒரு பெண்ணிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். சாட்சிக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும். வேலைத்தலத்தில் அன்றைக்கு உங்களைப் போக விட்டே ஆகவேண்டும். அதற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. அன்றைய சம்பளத்தை அவர்கள் வெட்டினால் நீதிமன்றம் அதற்கு ஈடு கொடுக்கும். இந்தக் கடிதத்தை மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே படியிறங்கியதும் சொன்னார்: "நல்ல மனிசி. பாவம், அவவுக்கு ஒண்டும் தெரியாது."

"என்ன தெரியாது? சட்டத்தைத்தானே சொல்லுறா!"

"கோட்டுக்குப் போறன் எண்டு சொன்னா, நீ என்ன செய்தனி எண்டுதான் முதல் கேப்பினம்." நீதிமன்றத்தை நாங்கள் ஊரில் கோடு என்றுதான் சொல்லுவோம். "எங்கட ஊரில நல்ல சனம் கோட்டுப் படி ஏறுறதே?"

"அக்கா, அடி விழுந்தது உங்களுக்கு!"

"அதைக் கேட்டறிய ஆருக்கு நேரம் இருக்கு? பொலிஸ், கோடு எண்டு இழுபடுற ஆள் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு ஷெஃபின் நினைச்சா? இப்ப ஒண்டும் சொல்லமாட்டா. ரெண்டு மாசம் கழிச்சு, வேலை குறைவு எண்டு நிப்பாட்டுவா. சட்டம் இருக்கு எண்டு சொல்லுறியள். இருக்கும். சட்டப்படி பாத்தா என்ர மனிசனும் அண்டைக்குப் பின்னேரம் வீட்டை வந்திருக்கோணும்."



போகாமலும் விட முடியாது. போகாவிட்டால் தண்டம், தேடி ஆள் வரும் என்று அந்தப் பெண் சொன்னதில் அது ஒன்றை மட்டும் அக்கா முழுதாக நம்பினார். போனால் வேலை, போகாவிட்டால் பொலிஸ். இரண்டு பக்கமும் பயம் இருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆள் விடத் தீர்மானித்தார். என்னிடம் கேட்க வந்தபோது கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லு, பிள்ளை. எனக்குக் கோவம் வராது. பிடிபட்டா உனக்கும் வழக்குக் கெட்டுப்போம்."

"ஓம் எண்டு சொல்லியாச்சு. உள்ளுக்கு வாங்கோ."

மற்றவர்களுக்காக நிற்கப் போனபோதெல்லாம் நான் அப்படியே எழும்பிப் போனவள். அக்கா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடந்தது. படுக்கை விரிப்பை நனைத்துப் பிழிந்து, ஒரு முனை அவர், மறு முனை நான். சாப்பாட்டு மேசைதான் உருளை. "கையை உவ்வளவு கிட்டக் கொண்டுபோகாத. அங்கால விடு. முனை மடிஞ்சு போனா போகட்டும், இழுக்கப் பாக்காத, விட்டிடு. விட்டிடு எண்டு சொல்லுறன்!" அவர் கத்திய கத்தலில் எனக்கு மேசையைப் பார்க்கவே பயமாகிவிட்டது. என் காப்புகளைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். தாலிக்கொடியை ஊசியால் உள்சட்டையோடு குத்திவிட்டார்.

அந்த நாள் வந்தது. அக்காவின் வருகை அட்டையை இயந்திரத்தில் குத்திவிட்டு, நீல அங்கியைப் போட்டுக்கொண்டு அவருடைய இடத்தில் போய் நின்றேன். எதிர்முனையில் இருந்த துருக்கிப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். புருவம் ஏறி இறங்கியது. பிறகு குனிந்து விரிப்பை எடுத்தாள், அதோடு சரி. ஆனால் முன்பு எத்தனையோ முறை வராத நடுக்கம், அக்காவின் பயம் அந்த மேலங்கியில் ஒட்டிக்கொண்டிருந்து எனக்குத் தொற்றிவிட்டதுபோல வந்தது. ஷெஃபின் என் பின்னால் வந்து நின்று அக்காவின் பெயரைச் சொன்னார். "யா" என்றேன், திரும்பாமல். கொஞ்சம் வேகமாக என்றார். போய்விட்டார். உருளையின் சூட்டில் முகம் வெந்தது.

அதே நேரம் நீதிமன்றத்தில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார். அங்கே மொழிபெயர்க்க வந்திருந்த அண்ணையும் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், கொலோனில் இருந்து வந்தவர். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நீதிபதி, சாட்சி உண்மை பேச வேண்டும், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் சொல்வதுதான். அக்கா அது தனக்கென்றே சொன்னது என்று நினைத்து விறைத்துப்போனார். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். அடித்தவன் முடி வளர்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, தாயோடு வந்திருந்தான். அவன்தான் என்று கையைக் காட்டினார். எல்லாம் முடிந்து அவரை அனுப்பப்போகிற நேரத்தில் நீதிபதி அன்பாக ஒரு கேள்வி கேட்டார். இன்று இங்கே வந்ததால் உங்களுக்குச் சம்பள இழப்பு உண்டா?

அக்கா அங்கேதான் மாட்டிக்கொண்டார். இழப்பு உண்டு என்றால் பொய். அவருடைய அட்டை ஆலையில் குத்தப்பட்டிருக்கிறது, சம்பளம் வரும். பொய் சொன்னால் தண்டனை என்று இப்போதுதான் சொன்னார்கள். ஆகவே நடுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"இல்லை ஐயா. நான் இண்டைக்கு வேலையில நிக்கிறன்."

"எனக்கு வேர்த்து ஊத்தினது, தங்கச்சி" என்றார் அந்த அண்ணை. "மாத்திச் சொல்லேலாது, நானும் சத்தியம் செய்தவன். அப்பிடியே ஜெர்மனில சொன்னன்."

நீதிபதி விளங்கவில்லை என்று மீண்டும் கேட்டார். மீண்டும் அதே பதில். பையனுடைய வழக்கறிஞர் எழும்பினார். இந்தச் சாட்சிக்குத் தான் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே தெரியவில்லை. ஒரு கணம் பார்த்த முகம் மட்டும் எப்படிச் சரியாகத் தெரியும்? தூர நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர் இளைஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதில் வியப்பில்லையே என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இனி ஒன்றில் தான் பைத்தியம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னார்.

"ஐயா, இப்ப என்ர இடத்தில வேறொரு பிள்ளை நிக்குது. ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. ஏனெண்டா எங்கட முகத்தைப் பாக்கவேண்டிய தேவை அவைக்கு இல்லை. எனக்கு அப்பிடி இல்லை. நான் எல்லாற்ற முகத்தையும் பாக்கோணும். ஆர் அடிப்பான், ஆர் அடிக்கமாட்டான் எண்டு பாக்காமல் நான் டிராமில ஏறேலாது. நான் பயந்த மனிசி ஐயா, பயந்தவைக்கு முகம் மறக்காது. உவருக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு வெட்டு இருக்கு. இப்ப மயிரால மூடியிருக்கிறார். விலத்திப் பாருங்கோ."

நீதிபதி பையனிடம் முடியை ஒதுக்கச் சொன்னார். அவன் தாயைப் பார்த்தான். பிறகு ஒதுக்கினான். வெட்டு இருந்தது. வேலையில் யார் நிற்கிறார்கள் என்பது இன்றைய வழக்கில் இல்லை, ஆனால் அடுத்த முறை அழைப்புக் கடிதத்தை வேலைத்தலத்தில் காட்டுங்கள், உங்களை விடவேண்டியது அவர்கள் கடமை என்று சொல்லி, நீதிபதி அக்காவை அனுப்பிவைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்காவுக்கு மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான். ஆலையில் ஆள் மாறி நிற்கிறது என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று. பொலிஸ் அங்கே போகும். போனால் பிடிபடுவது நான். ஆகவே போட்டிருந்த நல்ல குளிர்ச் சட்டையோடு டிராம் ஏறி நேரே ஆலைக்கு வந்தார். வாசல்காரர் தடுத்ததையும் கேளாமல், சுத்தப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "எடி, கெதியா வா, வெளிக்கிடு!" என்று உரத்த குரலில் கத்தினார்.

ஷெஃபின் அங்கேதான் நின்றார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உருளையை நிறுத்தச் சொன்னார். அது நின்றதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அக்கா நீதிமன்றக் கடிதத்தை நீட்டினார். ஷெஃபின் வாசித்துவிட்டு, கோபமில்லாத குரலில் சொன்னார். "இந்த நாளில் நீங்கள் வேலைக்கு வரவேண்டியதே இல்லை. காட்டியிருந்தால் விட்டிருப்பேன். இதற்காக ஒருவரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவருடைய கை அந்த உருளைக்குள் போயிருந்தால், யாருடைய கை போனது என்று நான் எழுதுவது?"

ஷெஃபின் என்னைப் பார்த்து, "உங்களை நான் காணவில்லை. நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தெருவில் நில்லுங்கள்" என்றார். அக்காவிடம் அப்படிச் சொல்லவில்லை. அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார்.

அன்றே வேலை போய்விட்டது. நீதிமன்றத்துக்குப் போனதற்காக அல்ல. அந்த நேரத்தில் வேலையில் நின்றதற்காக. ஆலோசனைப் பெண் ஆலையோடு பேசிப் பார்த்தார். சாட்சிக்குப் போன நாளுக்குச் சட்டம் துணைக்கு நிற்கும், ஆள் மாற்றியதற்கு நிற்காது என்று தலையில் கை வைத்தார். பொலிசும் வரவில்லை. நீதிமன்றத்திலிருந்து ஒருவரும் ஆலைக்குத் தொலைபேசி எடுக்கக்கூட இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால், பின்னேரம் நானும் பேசாமல் வந்து சேர்ந்திருப்பேன், மகள் அந்தக் கோடையில் வந்திருப்பாள். இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு இது தெரியாதென்றும் நினைக்கவில்லை.

"விடாமல்" என்ற சொல் அறுந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். கொழும்புக்குத் தொலைபேசியில் அவர் மகளிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "கொஞ்சம் பிந்தும், குஞ்சு. அம்மாவுக்கு இஞ்ச ஒரு அலுவல் வந்திட்டுது." அவ்வளவுதான் சொன்னார்.

பல மாதம் அலைந்து, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிது, எந்த நாளும் நிறுத்தலாம் என்ற தவணைக் காலம் இன்னும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மறுபடியும் கடிதம் வந்தது. தண்டனை விழுந்த அந்தப் பையன் தீர்ப்பை ஏற்காமல் மேல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தான். சாட்சிகள் எல்லோரும் மறுபடி வந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அக்கா கடிதத்தைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கதவில் சாய்ந்து நின்றார். நான் நிற்கிறேன் என்று இந்த முறை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தலைமைச் சமையற்காரரிடம் சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனத்தை நாள்கணக்காகப் பாடமாக்கினார். குளித்துக்கொண்டு சொல்லுவார், வெங்காயம் வெட்டிக்கொண்டு சொல்லுவார். சொல்லப்போகிற நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் இல்லத்து வாசலில் நிற்க வைத்தார். "அவர் கத்திற சத்தம் கேட்டா உள்ளுக்கு வா. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். உள்ளே போனார். சத்தம் கேட்கும் கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். முகம் சாம்பல். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என்னக்கா, என்ன சொன்னவர்?"

"யா, நத்யூர்லிஷ் எண்டவர்." ஓம், போகத்தானே வேணும் என்று பொருள்.

"பேந்து?"

"பேந்தொண்டும் இல்லை. நிமிந்தும் பாக்கேல்லை. கிழங்கு உரிச்சுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே உரிச்சார்."

நான் சந்தோசத்தில் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் உதறிவிட்டார். வாசல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு முழுவதும் ஆடியது. பயத்தில் ஆடுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், இது அது இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி, அந்தச் சமையலறைச் சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவுதானோடி? ஒரு சொல்லுக்கோ என்ர பிள்ளை இன்னும் கொழும்பில இருக்குது?"